லங்கரு என்றொரு வீட்டுப் பெயர்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கையில் இருந்தது கலர் பாட்டில்கள் அடுக்கிய தட்டு. காப்பி குடிக்கிற வெயிலா அது? தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சூடான காற்றைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஏழு பேர். ஆறு பாட்டில் ஆரஞ்சு, ஒன்று மட்டும் பன்னீர் சோடா. அந்த ஒன்றை யார் முன்னால் வைப்பது என்று யோசித்துக்கொண்டே நான் நிலைப்படியைத் தாண்டும்போது, பெரிய நைனா அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எது நடப்பதானாலும் அப்பாவின் அண்ணனான அவர் சொல்லித்தான் நடக்கும்.

"உங்க இண்டிபேரு இன்னா?"

எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா இந்தக் கேள்விக்காகவே கிளம்பி வந்தவரைப் போல நிமிர்ந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தவர். சட்டையின் இடது கையை மேலே தள்ளி, முன்கையில் பச்சை குத்தியிருந்த நங்கூரத்தை எல்லாருக்கும் தெரியும்படி திருப்பிக் காட்டினார். "லங்கரு," என்றார். நங்கூரத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் சொல். கூடத்தில் இருந்த எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய நைனா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "நாங்களும் லங்கருதான்," என்றார்.

வெளியாட்களுக்கு இதில் என்ன இடி விழுந்தது என்று புரியாது. எங்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ரேஷன் கார்டில் இருப்பது ஒன்று, அதற்கு முன்னால் மற்றத் தமிழர்களைப் போலவே அப்பா பெயரின் முதலெழுத்து. இன்னொன்று இண்டிபேரு, வீட்டுப் பெயர். நாலைந்து தலைமுறைக்கு முன்னால் வடக்கே நெல்லூர்ப் பக்கமிருந்து கடலோரமாகவே பிழைக்க வந்தவர்கள், கொண்டுவந்த தெலுங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மெட்ராஸ் பாஷையில் கரைத்துவிட்டார்கள். வீட்டுப் பெயரை மட்டும் கரைய விடவில்லை. அது எந்தத் தாளிலும் ஏறுவதில்லை, அன்றாடப் பேச்சிலும் வருவதில்லை. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மட்டும் பெட்டியிலிருந்து பட்டுப் புடவையை எடுப்பதுபோல வெளியே எடுப்பார்கள். ஒரே வீட்டுப் பெயர் என்றால் ஒரே ரத்தம், பங்காளிகள். அந்த வீட்டுப் பையனும் இந்த வீட்டுப் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அதற்கு மேல் பேச ஒன்றும் கிடையாது.

வந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவரும் கலரைத் தொடவில்லை, மாப்பிள்ளையின் அப்பாவைத் தவிர. அவர் தட்டிலிருந்து பன்னீர் சோடாவைத் தானே எடுத்து, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, பெண் கையால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றார். காலி பாட்டிலை என் தட்டில் வைக்கும்போது என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். பார்த்து அரைமணி நேரம்கூட ஆகாத மாப்பிள்ளைக்காக எந்தப் பெண்ணும் அப்படி அழமாட்டாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

உண்மையில் நானும் மாப்பிள்ளையும் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் பீச் ஸ்டேஷன் அருகே ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்ட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ராயபுரத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். திருவொற்றியூரில் ஏறி வருவார், நான் தண்டையார்பேட்டையில் ஏறுவேன். காலை மின்சார ரயிலில் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று மூன்று ஸ்டேஷன் தூரம்தான் எங்கள் உலகம். இரண்டு வருடத்தில் இல்லாத பேச்சில்லை. ஆனால் உங்கள் இண்டிபேரு என்ன என்று ஒரு நாளும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்த தரகரைப் பிடித்து, இது புதிதாக வந்த வரன் என்று இரண்டு வீட்டையும் நம்ப வைத்து, எல்லாம் கூடி வந்த நாளில் அந்த ஒரு சொல் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலையே என் வருங்கால மாமனார் (அப்போது அது நடக்காத காரியம் என்றாலும் வேறு எப்படிச் சொல்வது) மகனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவர் ரயில் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். மாமனார் திட்டவில்லை, அடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ராயபுரத்துக்குக் கிளம்பிவிட்டார். முப்பது வருடம் கிரேனில் அவருக்கு மாற்று ஆளாக இருந்த சிநேகிதர் அங்கே மாதா கோயில் தெருவில் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், பெர்னாண்டோ என்று முடியும் பெயர். மாமனாருக்குச் சந்தோஷமானாலும் துக்கமானாலும் முதலில் போய் நிற்கும் வாசல் அதுதான்.

அந்தச் சிநேகிதர் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார். மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போது அவர் சொன்னதை மாமனார் சாகும்வரை நூறு முறையாவது எங்களுக்குச் சொல்லிக் காட்டியிருப்பார்.

"எம் பேரப் பாத்தா போர்ச்சுகல்காரன் ரத்தம்னு நெனப்பியா தோஸ்து? எங்க பாட்டன் முப்பாட்டனுக்கு ஞானஸ்நானம் குடுக்க சொல்ல, பக்கத்துல எவன் சாட்சியா நின்னானோ அவன் பேர வச்சிக்கினாங்க. அவ்ளோதான். உன் பேருக்கு எவன் பக்கத்துல நின்னான்னு போய்ப் பாரு."

மாமனாரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நெடுநெடுவென்று உயரம். கிரேனின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல், ரகசியம் சொன்னாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல ஓர் இடத்தில் உட்கார மாட்டார். அப்படிப்பட்டவர் உட்கார்ந்து நிதானமாகப் பேசும் விஷயம் ஒன்றே ஒன்றுதான், அவருடைய வம்சம். லங்கரு வம்சம் என்றால் கப்பலையே நிறுத்தி வைத்த வம்சம் என்பார். எங்கள் ஆட்கள் கை காட்டாமல் ஒரு கப்பலும் இந்தக் கரையில் நின்றதில்லை என்பார். பதினெட்டு வயதில் திருவிழாவில் நங்கூரத்தைப் பச்சை குத்திக்கொண்டவர். வீட்டு வாசல் கதவிலும் அதையே பெயிண்டால் வரைந்து வைத்திருந்தார். அந்தப் பெயர் தன் ரத்தத்தில் இல்லை என்று நிரூபித்தால்தான் மகனுக்குக் கல்யாணம் என்ற நிலைமை, ஊரில் இத்தனை பேர் இருக்க, அவருக்கு வந்தது.

அவர் தயங்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். இரண்டு நாள் வாசலிலேயே நின்றாராம், கதவில் இருந்த நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்றாம் நாள் மகனின் மொபெட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் மூன்று ஸ்டேஷன் பயணம் தொடர்கதை ஆகிவிட்டது. அப்பா நேற்று எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று அவர் கொருக்குப்பேட்டையில் ஆரம்பிப்பார். சரியான இடத்தில் ராயபுரம் வந்துவிடும், இறங்கிப் போய்விடுவார். மீதியை நான் மறுநாள் காலைவரை தாங்கிக்கொள்ள வேண்டும். ஆபீசில் டைப் அடிக்கும் தாளில் சரக்கின் பெயருக்குப் பதிலாக லங்கரு என்று அடித்து இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன். எர்ணாவூர், திருவொற்றியூர், காசிமேடு என்று மாமனார் ஒரு சந்து விடவில்லை. கல்யாணத் தரகர்களைவிட அதிகமாக வீட்டுப் பெயர்களை விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க அவருக்கு எடுத்த வேலையே மறந்துபோகும் அளவுக்கு ருசி ஏறிவிட்டது. கூடூரு என்று வீட்டுப் பெயர் வைத்திருந்தவர்கள் கூடூரை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. பொடுகு வீட்டார் என்று ஒரு குடும்பம். தெலுங்கில் பொடுகு என்றால் நெட்டை. அந்த வீட்டில் பெரியவர் முதல் கடைக்குட்டி வரை ஒருவர்கூட ஐந்தடியைத் தாண்டவில்லை. எப்போதோ ஒரு நெட்டையான ஆள் இருந்திருக்கிறான், அவனுடைய உயரம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது என்று மாமனார் வியந்து வியந்து சொன்னாராம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நான் ரயிலில் ஏறும்போதே அவர் முகம் மாறியிருந்தது. உட்காரக்கூட இல்லை. காசிமேட்டுக்குப் போகும் வழியில் படகுக் கயிறும் வலைக்கு மிதவையும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது, கடைப் பலகையில் லங்கர் என்று எழுதியிருக்கிறது, கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர் என்றார். லங்கர் பாய் என்றுதான் அந்த வட்டாரமே அவரைக் கூப்பிடுகிறது. நங்கூரம் விற்பதால் வந்த பெயரா என்று மாமனார் கேட்டிருக்கிறார். "எங்க வூட்டுப் பேரே அதான். நான் பொறக்கறதுக்கு முன்னாலேருந்து," என்று பாய் சொன்னாராம்.

அன்று ராயபுரம் வந்தும் அவர் இறங்கவில்லை, என்னோடு பீச்வரை வந்தார். இரண்டு பேருமே வேலைக்குத் தாமதம்.

பாய் சொன்ன கதை இது. துறைமுகத்துக்குச் சுவர் முழுசாக எழும்பாத காலத்தில் கப்பல்கள் கரையை விட்டு எட்டியே நிற்கும். புயல் அடித்தால் சங்கிலி அறுந்து நங்கூரம் கடலடியில் போய்விடும். அதைப் படகில் போய்த் தேடி, முங்கி, கயிறு கட்டித் தூக்கிவரத் தனிக் கும்பல் ஒன்று இருந்தது. அதற்கு லங்கர் கும்பல் என்று பெயர். தெலுங்குக்காரன், துலுக்கன், தமிழன் என்று யார் யாரோ அதில் இருந்தார்கள். கும்பலில் சேர்ந்தவனை, பெயருக்கு முன்னால் லங்கர் என்று சேர்த்தே எல்லாரும் கூப்பிட்டார்கள். பாயின் பாட்டனாருடைய அப்பா அதில் ஒருவர். முதலில் வேலைக்குப் பெயர், பிறகு ஆளுக்குப் பெயர், பிறகு வீட்டுக்குப் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் பாயையே அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பெரிய நைனா பாயை மரியாதையாக உட்கார வைத்து, நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. தம்பி இல்லாத வீட்டில் தம்பி மகளுக்குத் தப்பான இடத்தில் முடிச்சுப் போட்டுவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. பாய் சொல்வது சரிதான், ஆனால் அதனால் பாய் வேறு ரத்தம் என்றுதான் ஆகிறது என்றார். கும்பலில் இருந்த தெலுங்குக்காரர்கள் அண்ணன் தம்பிகளாக இருந்திருந்தால் என்ன செய்வது? கும்பலில் சேர்வதற்கு முன்னால் அவரவருக்கு ஒரு வீட்டுப் பெயர் இருந்திருக்கும் அல்லவா, அதைக் கொண்டுவந்து காட்டினால் பேசலாம் என்றார்.

பாய்தான் யோசித்து யோசித்து ஒன்றைச் சொன்னார். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்காக அந்தக் கும்பலில் இருந்தவர்கள் ஆளுக்கு ஓர் அண்டா வாங்கிக் கொடுத்தார்களாம். தன் முப்பாட்டனாரும் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒன்று கொடுத்தார் என்று அவருடைய வாப்பா சொல்லிக் கேட்டிருக்கிறார். பேர் வெட்டாமல் யாராவது கோயிலுக்குப் பாத்திரம் கொடுப்பார்களா?

அது எந்தக் கோயில் என்று யாரும் கேட்கவில்லை. ராயபுரத்தில் கடற்கரைச் சாலைக்கு உள்ளே தள்ளி இருக்கும் அந்த அம்மன் கோயிலுக்குத்தான் ஆடி தவறாமல் இரண்டு குடும்பமும் போய்க்கொண்டிருந்தது. அன்று மாலையே மாமனார் தர்மகர்த்தா வீட்டில் நின்றார். பழைய பித்தளைப் பாத்திரங்கள் பின்கட்டு அறையில் கிடக்கின்றன, ஆனால் அந்த அறையை ஆடிக் கூழுக்கு மட்டும்தான் திறப்பது வழக்கம் என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். ஆடிக்கு இன்னும் ஆறு வாரம். இதற்கிடையில் சூளூர்பேட்டையிலிருந்து எனக்கு இன்னொரு வரன் வந்திருந்தது. ஆடி முதல் ஞாயிறுவரை பார்ப்போம், அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் அந்த வரனுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று பெரிய நைனா அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னிடம் சொன்னாள். நான் ரயிலில் சொன்னேன். அந்த ஆறு வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்கு நினைவே இல்லை. எதையோ பிடித்துக்கொண்டு மூச்சைக் கட்டிக்கொண்டிருந்ததுபோல இருக்கிறது.

ஆடி முதல் ஞாயிறு காலையில் கோயில் தெரு முழுக்க அடுப்பு. வேப்பிலைத் தோரணம், உடுக்கை, கருவாட்டுக் குழம்பு வாசனை. கூழ் கொதித்ததெல்லாம் பெரிய அலுமினியப் பாத்திரங்களில். பின்கட்டு அறையைத் திறந்தபோது பித்தளை அண்டாக்கள் குப்புறக் கவிழ்த்தபடி சுவரோரம் கிடந்தன. எண்ணினேன், ஐந்து. கரியும் களிம்பும் பிடித்து என்ன உலோகம் என்றே தெரியவில்லை. மாமனார் ஒரு கூடை நிறையப் புளி கொண்டுவந்திருந்தார். செங்கல் பொடி, தேங்காய் நார், இரண்டு குடம் தண்ணீர். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் என் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் புடவையைச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு அண்டாவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். எதிரே அவர், பாயின் மகனோடு சேர்ந்து இன்னொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

என் அண்டாவில்தான் முதலில் தெரிந்தது. விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக வெட்டிய ஒரு வளைவு, நடுவில் ஒரு கோடு, மேலே ஒரு வளையம். நங்கூரம். நான் கத்திவிட்டேன். எல்லாரும் ஓடிவந்தார்கள். நங்கூரத்துக்குப் பக்கத்தில் எழுத்துகள். தெலுங்கு எழுத்துகள். வீட்டுக்குள் பாதித் தெலுங்கு பேசும் அத்தனை பேரில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. கார்ப்பரேஷன் தெலுங்குப் பள்ளியில் ஐந்தாவது வரை போன ஒரே ஆள் எங்களில் யார் என்று நினைத்துப் பார்த்தோம். எல்லாருடைய கண்ணும் பெரிய நைனாவின் மேல் போய் நின்றது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எழுத்தின் மேல் விரலை வைத்துக் குழந்தையைப் போல ஒவ்வொன்றாகக் கூட்டினார். முதல் அண்டாவில் பக்கீர் என்று இருந்தது. தன் முப்பாட்டனாரின் பெயரைக் கேட்டதும் லங்கர் பாய் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அடுத்ததில் கூடூரு என்று ஒரு பெயர். அடுத்தது எங்களில் யாருக்கும் தெரியாத ஒரு வீட்டுப் பெயர். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அதே நங்கூரம். நான்காவதில் விரல் பாதியில் நின்றது. பெரிய நைனா மறுபடி முதலிலிருந்து படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"உப்பல நரசய்யா," என்றார். "எங்க தாத்தா."

உப்பல என்றால் உப்பைச் சேர்ந்தவர்கள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் பெரிய நைனாவுக்கு வேறொன்று நினைவு வந்தது. அவர் தாத்தா தரையில் உப்பு சிந்தினால் யாரையும் மிதிக்க விடமாட்டாராம். கிழவர் தானே குனிந்து ஒரு கல் விடாமல் பொறுக்கி எடுப்பாராம். ஏன் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் என்பாராம். உப்பளத்திலிருந்து வந்தவர்கள் என்பதை ஒரு பழக்கமாக மட்டும் மிச்சம் வைத்துவிட்டு அந்த மனிதர் போயிருக்கிறார். பெரிய நைனா அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஓர் அண்டா இருக்கிறது என்று அம்மாதான் நினைவுபடுத்தினாள்.

ஐந்தாவதை மாமனாரே தேய்த்து வைத்திருந்தார். பளபளவென்று மின்னியது. பெரிய நைனா கூட்டிப் படித்தார். "சின்னய்யா," என்று பின்பாதி முதலில் வந்தது. மாமனார் தலையை ஆட்டினார், அது அவருடைய தாத்தாவின் பெயர். பிறகு முன்பாதி. "ஒண்டி."

தெலுங்கிலும் சரி, எங்கள் தெருவிலும் சரி, அதற்கு ஒரே பொருள்தான். தனி ஆள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் அத்தை ஒருத்தி, வாய் சும்மா இருக்காதவள், சத்தமாகவே கேட்டாள்.

"ஒண்டின்னா வூடு வாசல் இல்லாதவன்னு அர்த்தம். வம்சமே இன்னான்னு தெரியாத எடத்துல பொண்ணு குடுப்பியா அண்ணே?"

நான் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். கையில் புளி உருண்டையோடு நின்றிருந்தார். கப்பலை நிறுத்தின வம்சம் என்று ஐம்பது வருடம் சொல்லி வந்தவர். பின்னாளில் அவரிடம் கேட்டபோது, கிரேனில் சரக்குத் தொங்கிக்கொண்டிருக்கும்போது கம்பி சட்டென்று தளர்ந்தால் கைப்பிடியில் ஒரு வெறுமை தெரியும், அப்படி இருந்தது என்றார். ஆனால் அது ஒரு நிமிடம்தான். குனிந்து அந்த எழுத்தை இன்னொரு முறை பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஆமா. யாருமில்லாமதான் வந்துகீறான்," என்றார். "வெக்கப்படல பாரு. அம்மனுக்கே அந்தப் பேர வெட்டிக் குடுத்துகீறான். நான் அவன் பேரன்."

உடுக்கை ஓய்ந்திருந்த நேரம் அது. எல்லாரும் பெரிய நைனாவைப் பார்த்தோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஐந்தாவது அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சம்பந்தி," என்றார், "அந்தப் புளிய இப்டி குடு. பேரு இன்னும் செரியா வெளக்கல."

பங்காளி என்று எழுந்து போன மனிதரைச் சம்பந்தி என்று அழைத்த அந்த ஒரு சொல்லில் எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்றியதெல்லாம் பிறகு நடந்த சடங்கு. அந்த ஆடியில் கூழை அலுமினியப் பாத்திரத்திலிருந்து அந்த ஐந்து பித்தளை அண்டாக்களுக்கு மாற்றித்தான் ஊற்றினார்கள். முதல் சொம்பு பாய்க்கு. ராயபுரத்துச் சிநேகிதர் இரண்டு சொம்பு குடித்துவிட்டு, எல்லாம் தன்னால்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையும்கூட.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் உப்பல வீட்டார், ஒண்டி வீட்டார் என்று இரண்டு பக்கமும் போட வேண்டும் என்று மாமனார் பிடிவாதம் பிடித்தார். அச்சாபீஸ்காரர் போன் செய்து, ஒண்டி என்பது அச்சுப் பிழையா என்று கேட்டார். மாமனார் போனிலேயே அவருக்கு முழுக் கதையையும் சொன்னார். அச்சாபீஸ்காரர் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். மறு வருடத் திருவிழாவில் மாமனார் பச்சை குத்துகிறவளைத் தேடிப்போய், கையில் இருந்த நங்கூரத்துக்குக் கீழே ஒண்டி என்று மூன்று எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். கை வீங்கி நான்கு நாள் காய்ச்சல். சுக்குக் கஷாயம் போட்டுக்கொடுத்தபடி, இந்த வயதில் இது தேவையா மாமா என்று நான் கடிந்துகொண்டேன். மேலே இருப்பது தாத்தா செய்த வேலை, கீழே இருப்பது தாத்தா, இரண்டும் இருந்தால்தான் கணக்கு நேர் என்றார்.

நான் அதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுப் பெயர் என்றால் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு அடையாளம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தோண்டிப் பார்த்தால் ஒன்று ஊர், ஒன்று உப்பு, ஒன்று எவனோ ஒருவனின் உயரம், ஒன்று பக்கத்தில் நின்றவனின் அன்பு. லங்கரு என்ற பெயர் ரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்த ஐந்து பேரைப் பற்றிச் சொன்னது. ரத்தத்தைவிட அது குறைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. லங்கர் பாய் வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் இன்றைக்கும் உறவுக்காரர்களாகத்தான் போகிறோம்.

மகள் பிறந்தபோது பிறப்புச் சான்றிதழுக்கு மாமனார்தான் போனார். அவள் பெயருக்கு முன்னால் ஒண்டி என்று எழுத வைத்துவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் ஒரு டீச்சராவது அது என்ன என்று கேட்பார். அவள் சலித்துக்கொண்டதே இல்லை. தாத்தாவிடம் கேட்ட கதையை அவர் போலவே கையை வீசிச் சொல்வாள். மாமனார் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் உட்கார்ந்து ஓட்டிய கிரேன்களும் துறைமுகத்தில் இப்போது இல்லை.

மகளுக்குப் போன மாதம் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாள். அவளுடைய தோழிகள் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவதா இனிஷியலை விரிப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டபோது, இவள் ஒரே மூச்சில் அடித்து முடித்துவிட்டாள். பத்து நாளில் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், கொருக்குப்பேட்டைக்காரர் என்று பிறகு தெரிந்தது. ஃபைலைப் பிரித்துப் பார்த்தார், மகளைப் பார்த்தார். குடும்பப் பெயர் ஒண்டி என்று போட்டிருக்கிறதே, இது என்ன பெயர் என்று கேட்டார்.

நான் டீ போடப் போனேன். அது சுருக்கமாக முடிகிற பதில் அல்ல என்று எனக்குத் தெரியும். டீயோடு திரும்பி வந்தபோது அவள் ஐந்தாவது அண்டாவுக்கு வந்திருந்தாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். கதை முடிந்தும் அவர் கையெழுத்துப் போடவில்லை. டீயைக் குடிக்கவில்லை.

"எங்களத் தண்ணிக்கார வூடுன்னு சொல்வாங்க," என்றார். "எங்க நைனா ரயில்வேல கலாசி. தாத்தாவும் ரயில்வேதான். தண்ணிக்கும் எங்களுக்கும் இன்னா சம்பந்தம்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடம் கேட்டால் தெரியும் என்று கேட்டாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்றார் அவர். கொஞ்சம் தயங்கினார், பிறகு செல்போனை எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண் குரல், நீ டூட்டியில் இருக்கிறாயா இல்லையா என்று அதட்டியது எங்களுக்கே கேட்டது. இருக்கிறேன் அம்மா, ஒன்று கேட்க வேண்டும் என்றார். கேட்டார். பிறகு அந்தக் குரல் இறங்கி, மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கியது. அவர் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, மகள் நீட்டிய பேனாவை வாங்கி, உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தார்.